ஊசியால் குருத்தெலும்பு வளராது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு, உடலில் மெல்லிய ஊசிகளைக் குத்தும் அக்குபஞ்சர் சிகிச்சை என்று தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். ஊசியால் வலி குறைகிறது என்பதோடு எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. ஆனால், தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளரும் என்றும், மாத்திரைகளையெல்லாம் உடனே நிறுத்திவிடலாம் என்றும் எழுதியிருப்பதை ராமநாதபுரம் கடற்கரையிலுள்ள மண்டபம் பகுதியில் இயன்முறை மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) இருக்கும் என்னால் ஏற்க இயலவில்லை. முதலாவதற்குச் சான்று கிடையாது. இரண்டாவதோ, சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில் ஆபத்தான பேச்சு.

ஜெர்மனியில் ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஒரு பிரிவினருக்குச் சீன மருத்துவம் குறிக்கும் புள்ளிகளில் ஊசி போட்டார்கள். இன்னொரு பிரிவினருக்கு அந்தப் புள்ளிகளை விட்டு விலகி, வேறு இடங்களில் மேலோட்டமாகப் போட்டார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஊசியே இல்லை, மருத்துவரின் கவனிப்பு மட்டும். இயன்முறைப் பயிற்சியும் தேவைக்கு வலி மாத்திரையும் மூன்று பிரிவினருக்கும் உண்டு. 26 வாரம் கழித்துப் பார்த்தபோது, நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் முதல் பிரிவில் 53 சதவீதம், இரண்டாம் பிரிவில் 51, மூன்றாம் பிரிவில் 29. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கூடுதல் நன்மை கிடைத்தது உண்மை. ஆனால் எந்த இடத்தில் குத்தினாலும் ஏறக்குறைய அதே பலன் என்றால், அந்தப் பலனில் பெரும்பகுதி நோயாளியின் எதிர்பார்ப்பிலிருந்தும், ஒருவர் அருகிலிருந்து தொட்டுக் கவனிப்பதிலிருந்தும் வருகிறது என்றே நான் கொள்கிறேன். ஆஸ்திரேலியாவில் 50 வயதைக் கடந்த 282 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்விலும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த போலிச் சிகிச்சையை உண்மையான ஊசி விஞ்சவில்லை. மருத்துவர்களுக்கான சிகிச்சை வழிகாட்டி நூல்களும் ஒரே குரலில் பேசவில்லை: அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு 2019-இல் நிபந்தனையோடு பரிந்துரைத்தது, பிரிட்டனின் 2022 வழிகாட்டி வேண்டாம் என்றது. (அதே பிரிட்டன் வழிகாட்டி, எங்கள் அறைகளில் இருக்கும் மின்தூண்டல் கருவியையும் அல்ட்ராசவுண்ட் கருவியையும் சேர்த்தே தள்ளியிருப்பதால், என் தொழிலுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.)

எங்கள் கடற்கரையில் இந்த நோயை அதிகம் சுமப்பவர்கள் பெண்கள். கடற்பாசி எடுக்கப் போகிறவர்கள் இடுப்பளவு நீரில் பாறைமேல் கால் ஊன்றிக் குனிந்து நின்றுவிட்டு, கரையேறிய பிறகு கட்டக்கோரை, மரிக்கொழுந்து என்னும் பாசி வகைகளைப் பிரித்துக் காயப்போடக் குத்துக்காலிட்டு உட்காருகிறார்கள். கருவாட்டுக் களத்திலும் அதே இருப்புதான். “ஒக்காந்தா எந்திரிக்க முடியல சார், முட்டி புடிச்சுக்கிருது” என்று வருகிறவரை எழுந்து காட்டச் சொன்னால், ஒரு கையைத் தரையிலும் மறு கையைத் தொடையிலும் ஊன்றித்தான் எழுவார். முட்டிச்சில்லுக்கு மேலே தொட்டுப் பார்த்தால் தொடைத்தசை தளர்ந்து கிடக்கும். அந்தத் தசைக்கு வேலை கொடுத்தாக வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணும்வரை அப்படியே வைத்திருந்து, பிறகு தளர்த்தும் பயிற்சிக்குக் காசும் வேண்டாம், ராமநாதபுரத்துக்குப் பேருந்தும் வேண்டாம். உடல் பருத்தவர் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. உட்காருவதற்கு ஒரு முக்காலி கிடைத்தால் பாதி உபத்திரவம் நீங்கும். களத்து முதலாளிகள் அதற்குக்கூட யோசிக்கிறார்கள்.

ஊசிக்குப் போகிறவரை நான் தடுப்பதில்லை. புதிய ஊசிதானா என்று பார்க்கவும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முதலிலேயே சொல்லவும், பயிற்சியை விடாதிருக்கவும் மட்டும் சொல்லி அனுப்புகிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழந்து போகிறவருக்குச் சில வாரங்களில் மாற்றம் தெரியவில்லையென்றால் நிறுத்திவிடலாம். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது என்பதைத் தங்கள் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

குருத்தெலும்பு பற்றியும் மாத்திரை பற்றியும் எழுதிய வரிகளுக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால், மேலே சொன்ன பயிற்சியைப் படத்தோடு போடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்களும் பார்த்துச் செய்வார்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.