டிரம்ஸுக்கு முன்னால் ஒரு கல்

கண்ணு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து ஒற்றை விரலால் டைப் செய்துகொண்டிருக்கிறேன், உங்கப்பா பக்கத்தில் இருந்து பிழை திருத்துகிறார். முழுசாகப் படி.

சனிக்கிழமை அஸ்தம்பட்டியில் ஏற்காடு பஸ் ஏறினோம், உட்கார இடம் கிடைத்ததே பெரிது. மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்ததும் அப்பா வழக்கம்போல "1935-ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்சது" என்று தொடங்கினார், முன்சீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார், மலை ஏறத் தொடங்கும்வரை இருவருக்கும் வாய் ஓயவில்லை. எனக்கு 20 கொண்டை ஊசி வளைவுக்கும் எலுமிச்சம்பழம்தான் துணை. இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், "வருவீங்களா மாட்டீங்களான்னே தெரியல" என்று நீ எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாயாம். பையன் முதல்முதலாக மேடை ஏறுகிறான், வராமல் இருப்போமா?

மேடை என்று நீ சொன்னது எஸ்டேட் பங்களாவின் தாழ்வாரம் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. அதுவும் அழகாகத்தான் இருந்தது, சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக் கொடி, புல்வெளியில் ஐம்பது அறுபது நாற்காலி. வாசலில் போர்டில் "லைவ் மியூசிக்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். குழுவுக்குப் பேர் வைக்கவே நாலு மாதமாகச் சண்டை போடுகிறீர்களாமே, உருப்படுமா?

முதலில் அப்பா விஷயத்தை முடித்துவிடுகிறேன், நீ இன்னும் கோபமாக இருப்பாய். அந்தத் தாழ்வாரம் பழைய காலத்துச் சிவப்பு ஆக்சைடு தரை, கண்ணாடி மாதிரி. நீ காலால் ஒவ்வொரு மிதி மிதிக்கும்போதும் அந்தப் பெரிய டிரம் அரை விரற்கடை முன்னால் நகர்கிறது. ரெண்டாவது பாட்டு பாதியில் நீ ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டாய், கால் எட்டவில்லை, முட்டியால் டிரம்மை இழுத்துக்கொண்டே வாசிக்கிறாய். முப்பது வருஷம் தறி ஃபிட்டராக இருந்த மனுஷனுக்கு ஒரு மெஷின் கண்ணெதிரே நகர்ந்தால் கை சும்மா இருக்குமா? எழுந்து போய் ரோஜாப் பாத்தி ஓரத்திலிருந்து ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாட்டு நடக்கும்போதே மேடை ஏறி டிரம்முக்கு முன்னால் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். கூட்டம் கை தட்டியது. உன் முகம் போன போக்கு இருக்கே. ஆனால் அதற்கப்புறம் டிரம் நகரவில்லை, அதை நீ ஒத்துக்கொள்ள வேண்டும்.

சரி, நான் எழுத வந்தது இது இல்லை.

முடிந்ததும் எல்லோரும் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ கிடார் பையனிடம் சொன்னாய், "எல்லாம் நல்லாத்தான் போச்சு, அவதான் ரெண்டு மூணு இடத்துல சுருதி ஏறிட்டா." பாடின பொண்ணு நாலடி தள்ளித்தான் நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள். கேட்காத மாதிரி டம்ளரைக் கழுவப் போனாள். எனக்குப் பஜ்ஜி தொண்டையில் இறங்கவில்லை, ஆனால் அத்தனை பேர் நடுவில் உன்னைத் திட்ட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவள் சுருதி ஏறினாள், உண்மைதான். ஏன் ஏறினாள் என்று யோசித்தாயா? ரெண்டு ஸ்பீக்கரும் கூட்டத்தைப் பார்த்து இருக்கிறது. அவளைப் பார்த்து ஒன்றும் இல்லை. முதுகுக்குப் பின்னால் நீ, உனக்குப் பின்னால் சுவர், தலைக்கு மேலே ஓடு. நீ அடிக்கிற அடி அத்தனையும் சுவரில் மோதி அவள் காதுக்குத்தான் வருகிறது, அவள் மைக்குக்குள்ளேயும் போகிறது. தன் குரல் தனக்கே கேட்காதவள் என்ன செய்வாள், கத்துவாள். கத்தினால் சுருதி நிற்காது. அவள் இடது காதை விரலால் பொத்திக்கொண்டே பாடினதை நீ பார்த்திருக்க முடியாது, பின்னால் இருந்தாய். நான் பார்த்தேன். அப்படிப் பொத்தினால் நம் குரல் மண்டைக்குள்ளேயே கொஞ்சம் கேட்கும், வேறு வழி இல்லாதபோது எந்தப் பாடகியும் செய்வதுதான்.

நானும் செய்திருக்கிறேன். ஆடி மாதம் சேலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாரியம்மன் பண்டிகை, எந்தப் பண்டிகைக்கும் ஒரு மெல்லிசைக் கச்சேரி, எங்களுக்கு அந்தப் பத்துப் பதினைந்து நாளில் தூக்கமே கிடையாது. 1987-ல் குகைப் பகுதியில், சாமி வேஷம் கட்டி வண்டிகளில் ஊர்வலம் வருவார்களே, அந்த வண்டி வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு முன்னால் பாடினேன், எனக்கு 19 வயது. இப்போது மாதிரி ராத்திரி 10 மணியோடு மைக்கை நிறுத்தும் சட்டமெல்லாம் அப்போது இல்லை, விடிய விடிய. சவுக்குக் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர், எல்லாம் ரோட்டைப் பார்த்து. எனக்குப் பின்னால் டோலக், டிரிபிள் காங்கோ, டிரம்ஸ். ஜானகியம்மா பாட்டை, கீபோர்டுக்காரர் விரல் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்துப் பாடினேன். மைக்கில் துருவும் யாரோ போட்ட வெற்றிலையும் கலந்து ஒரு வாடை வரும், அதற்காகக் கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். மூன்றாம் நாள் தொண்டை கட்டிவிட்டது. பனங்கற்கண்டும் மிளகும் வாயில் அடக்கிக்கொண்டு நாலாம் நாளும் பாடினேன், ஏனென்றால் முடியாது என்றால் குழு நடத்துகிறவர் வேறு பொண்ணைக் கூட்டி வந்துவிடுவார். அவரும் இதையேதான் சொன்னார், "பொண்ணு சுருதி ஏறுது." வாசித்தவர்களுக்கு ஆளுக்கு 150 ரூபாய், எனக்கு 75-ம் ஒரு ஜாக்கெட் பிட்டும். அது பூப்போட்ட ஊதா. நான் தைக்கவே இல்லை.

நீ அந்த ஆள் மாதிரி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வார்த்தை உன் வாயிலிருந்து வந்தபோது அப்படியே அவர் குரல் மாதிரி இருந்தது.

நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் கரண்ட் போனதை நினைத்துப் பார். அஞ்சாவது பாட்டு, பனி இறங்கித் தோட்டமே தெரியவில்லை, திடீரென்று எல்லாம் அணைந்துவிட்டது. ஜெனரேட்டர் போட மூணு நிமிஷம் ஆகியிருக்குமா? அவள் நிறுத்தவில்லை. நீ குச்சியைக் கீழே வைத்துவிட்டு டிரம்மின் விளிம்பில் விரலால் தட்டினாய், கிடார் பையன் ஒயர் இல்லாமல் லேசாக மீட்டினான், அவள் இருட்டில் பாடினாள். முன்வரிசையில் குழந்தைகூட அழவில்லை. அந்த மூணு நிமிஷம் ஒரு இழை பிசகியதா சொல்? நீ வாசித்ததிலேயே நன்றாக வாசித்ததும் அப்போதுதான், அப்பாவும் அதையேதான் சொல்கிறார்.

அடுத்த கச்சேரிக்கு முன்னால் ஒரு மானிட்டர், பாடுகிறவளுக்கே அவள் குரல் கேட்க வைக்கிற ஸ்பீக்கர், வாடகைக்கு எடு. மைக்குக்கு நேர் பின்னால், அவள் முகத்தைப் பார்க்கிற மாதிரி தரையில் வை, பக்கவாட்டில் வைத்தால் கூவும். அதில் அவள் குரலும் கொஞ்சம் கிடாரும் போதும், உன் டிரம்ஸ் அதில் வரவே வேண்டாம், உன் சத்தம் கேட்காத ஊர் எது? சின்ன இடமென்றால் மெல்லிய குச்சியால் வாசி. பின்னால் சுவர் இருந்தால் கனமான துணி ஏதாவது தொங்கவிடு. எல்லாவற்றுக்கும் முன்னால் அவளுக்கு ஒரு போன் போடு. மெசேஜ் இல்லை, போன்.

அப்புறம், வந்த பணத்தை வேன் வாடகை போக நாலு சமபங்காகத்தான் பிரித்தீர்களா? நான் கேட்காமல் விடமாட்டேன்.

என் பாட்டு நோட்டைப் பரணிலிருந்து எடுத்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி எத்தனை கட்டை, எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய பாட்டுதான், ஆனால் அவளுக்குப் பிரயோஜனப்படும். உனக்கு இல்லை, அவளுக்கு. அவள் பேரை நோட்டின் மேலே எழுத வேண்டும், முழுப் பேரை எனக்கு அனுப்பு.

அப்பா ஒரு பவானி ஜமுக்காளம் வாங்கி வந்து, ஒரு ஓரத்தில் மரரீப்பர் வைத்து ஆணி அடித்திருக்கிறார், டிரம்மின் கால் அதில் முட்டி நிற்குமாம். நோட்டையும் அதற்குள்ளேயே சுருட்டி இன்று ராத்திரி பெங்களூர் பஸ்ஸில் போட்டுவிடுகிறோம், காலையில் நீயே போய் வாங்கிக்கொள், யாரையும் அனுப்பாதே. அந்தக் கல்லையும் அவர் பங்களாக்காரர்களிடம் கேட்டு வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டார், வாசல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறது.

அம்மா