துப்பாக்கி எங்களிடம் இருக்கிறது ஐயா. வழி தெரிந்த காவலர்தான் இல்லை

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் நடந்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நாங்கள் சிலர் எழுந்து, தோட்டத்துச் சாளைகளுக்கு, அதாவது தோட்டத்திலேயே இருக்கும் வீடுகளுக்கு, வந்துகொண்டிருந்த இரவு ரோந்து ஏன் நின்றுபோனது என்று கேட்டோம். மேடையில் இருந்த அதிகாரி ஒருவர், "பயமாக இருந்தால் துப்பாக்கி உரிமத்துக்கு மனு கொடுங்கள், பரிசீலிக்கிறோம்" என்றார். சிலர் கைதட்டவும் செய்தார்கள். உடனே அடுத்த மனுவை எடுத்துவிட்டார்கள். மைக் என் கைக்கு வரவில்லை. அங்கே சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் எழுபதைக் கடந்தவன். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் உரிமத்தோடு ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. அதை எண்ணெய் போட்டுத் துடைத்து, உரிமத்தைப் புதுப்பித்து, தோட்டாவுக்குக் கணக்கு எழுதி வாழ்ந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: தோட்டத்தில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அது காவல் ஆகாது. எங்களுக்கு வேண்டியது, இருட்டிலும் எங்கள் தோட்டத்துக்கு வழி தெரிந்த ஒரு காவலர். கேட்பது இவ்வளவுதான்.

பின்னணி உங்கள் இருவருக்கும் தெரியும். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் வயதான தம்பதியும் அவர்களுடைய மகனும் தோட்டத்து வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் இன்னொரு வயதான தம்பதி கொல்லப்பட்டுக் கிடந்தது தெரியவந்தது. அதற்குப் பிறகுதான் 'முதியவர்களுக்குத் துப்பாக்கி கொடுங்கள்' என்ற பேச்சு வலுத்தது. கேட்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளைகள் வெளியூரில், அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை, அந்தப் பயத்தில் கேட்கிறார்கள். அந்தப் பயத்தையே சாக்காக வைத்து 'அப்படியானால் உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அரசு சொல்லிவிடக் கூடாது. அன்று கூட்டத்தில் கிடைத்த பதில் என் காதில் அப்படித்தான் விழுந்தது.

சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கி எப்படி இருக்கும் என்பதை அந்த அதிகாரி ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருக்கலாம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி அது தோட்டா நீக்கி, பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். அது நல்ல விதி. பேரன் பேத்தி வந்துபோகும் வீட்டில் நான் தோட்டாவைத் தனியாக, வேறு அறையில் வைத்திருக்கிறேன், சாவியை இன்னோர் இடத்தில். இரவு இரண்டு மணிக்கு நாய் குரைத்தால் நான் முதலில் கண்ணாடியைத் தேட வேண்டும். அப்புறம் சாவி, அப்புறம் அலமாரி, அப்புறம் தோட்டா. கையில் எடுத்தால் மூன்று கிலோவுக்கு மேல் எடை. குழல் நீளம், பழைய வீட்டின் நடையில் அதைத் திருப்பவே இடம் போதாது. அதிலும் இருப்பது இரண்டே வெடி. முன்கூட்டியே நோட்டம் பார்த்து, கூட்டமாக, இரும்புக் கம்பியோடு வருகிறவனுக்கு அத்தனை நேரம் தேவையில்லை. துப்பாக்கியைத் தலைமாட்டிலேயே தோட்டா போட்டு வைத்துக்கொள்ளலாமே என்பீர்களானால், ஆபத்து வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை.

ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடை தொடங்கிய நேரம். நாய் விடாமல் குரைத்தது. கிணற்று மேட்டில் ஆள் நடமாட்டம் இருப்பதை என் மனைவி ஜன்னல் சந்து வழியாகப் பார்த்தாள். அவசர எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். கதவு எண் என்ன என்றார். தெருப் பெயர் என்ன என்றார். எங்கள் சாளைக்குத் தெருவே கிடையாது. "கருப்பராயன் கோயில் தாண்டி, வாய்க்கால் மேட்டிலேயே வந்து, இரண்டாவது மதகுக்கிட்ட இடது பக்கம் இட்டேரியில் திரும்பணும்" என்றேன். இட்டேரி என்றால் இரு பக்கமும் வேலி உள்ள வண்டிப்பாதை. அவருக்கு விளங்கவில்லை. லேண்ட்மார்க் கேட்டார். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் குரல் தானாகவே உயர்ந்துவிடும். என் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தி, "மெதுவாப் பேசுங்க, வெளிய கேக்கப் போவுது" என்கிறாள். மெதுவாகப் பேசினால் அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்கவில்லை. உரக்கப் பேசினால் கிணற்று மேட்டில் இருப்பவனுக்குக் கேட்கும். வயதான இரண்டு பேர், விளக்கு போடாமல், தங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதை அரசுக்கு விளக்க முடியாமல் நின்றோம் ஐயா. இந்த மாவட்டத்தில் பிறந்து, இங்கேயே கிஸ்து கட்டி, இங்கேயே ஓட்டுப் போட்ட எங்களுக்கு அந்த நேரத்தில் ஒரு முகவரி இல்லை.

ஜீப் வந்தது. ஆனால் இதே பெயருள்ள வேறொரு கிராமத்துக்குப் போய்விட்டு, வெளுக்கும் நேரத்தில் வந்து சேர்ந்தது. வந்த காவலர்கள் மேல் குறை இல்லை. இளம் பிள்ளைகள், வெளி மாவட்டத்துக்காரர்கள், இட்டேரியையே அன்றுதான் பார்க்கிறார்கள். அதற்குள் மோட்டாரின் செம்பு ஒயரை வெட்டி எடுத்துக்கொண்டு கள்ளன் போய்விட்டான். வந்தவன் ஒயருக்காக மட்டும் வந்தவனாக இருந்தது எங்கள் நல்ல நேரம்.

அந்த இரவு துப்பாக்கி அலமாரியிலேயே இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. எடுக்காததுதான் சரி என்று இன்றும் சொல்வேன். ஜீப் வருவதற்கு முன்பே எங்கள் வரப்பில் ஒரு டார்ச் வெளிச்சம் வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர். நாய் இப்படிக் குரைக்கிறதே, பெரியவர்களுக்கு என்ன ஆனதோ என்று எழுந்து வந்தவர். கண்புரை அறுவை செய்த கண்ணோடு, நடுங்கும் கையோடு, இருட்டில் நான் அந்த வெளிச்சத்தை நோக்கிக் குறி வைத்திருந்தால்? எங்கள் பக்கம் இரவில் வரப்பில் நடப்பவர்கள் பெரும்பாலும் கள்ளர்கள் இல்லை. மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் மோட்டார் போடப் போகிறவர்கள், தண்ணீர் முறைக்கு மடை திருப்பப் போகிறவர்கள், கன்று ஈனும் மாட்டைப் பார்க்கப் போகிறவர்கள். தற்காப்புக்குச் சட்டத்தில் உரிமை இருக்கிறது, பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் எழுதியும் இருக்கிறது. அந்த உரிமையை நிரூபிக்க எழுபது வயதில் கோர்ட் படி ஏறி இறங்குவது யார்? அக்கம்பக்கத்து வீட்டின் பிள்ளையைச் சுட்டுவிட்டு அதற்குப் பிறகு அந்த ஊரில் எப்படி வாழ்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை யாரும் மேடையில் பேச மாட்டார்கள். வயதான காலத்தில் துணையை இழந்து, தனியாகத் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதன் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது. பேச ஆள் இல்லாமல், சாப்பாட்டு ருசி போய், தூக்கம் போய் இருப்பவர்களை நான் என் வயதுக்காரர்களிடையே பார்க்கிறேன். அந்த வீட்டில் பூச்சிமருந்து டப்பா இருப்பதே எனக்குக் கவலை. அந்த மாதிரி ஒரு வருடத்தில் துப்பாக்கியை உரிமம் பெற்ற கடையில் பாதுகாப்பில் வைத்துவிடச் சொல்லி நண்பர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளிடமும் சொல்கிறேன்: அப்பா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சாவி உங்களிடம் இருக்கட்டும். எழுபது வயது ஆனாலோ, இருபத்தைந்து வருடம் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றிக்கொள்ள விதியிலேயே வழி இருக்கிறது. இதை உரிமம் வைத்திருக்கும் எத்தனை பேருக்கு உங்கள் அலுவலகங்களில் சொல்கிறார்கள்? ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் உரிமக் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக்கினார்கள். நாற்பது வயதுக்காரனுக்கு ஐந்து ஆண்டு ஒன்றும் இல்லை. என் வயதில் ஐந்து ஆண்டில் கண், காது, ஞாபகம் எல்லாமே மாறிவிடும். அப்படியிருக்க, இதுவரை துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத எழுபத்தைந்து வயதுக்காரருக்குப் புதிதாக உரிமம் கொடுக்கிறேன் என்று சொல்வதை யோசித்துப் பாருங்கள்.

வழி தெரியாது என்று சொல்வதையும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. தேர்தல் தேதி அறிவித்தால் போதும், ஸ்டேஷனிலிருந்து ஆள் நேராக எங்கள் சாளைக்கு வந்து நிற்கிறார், 'துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள்' என்று. அப்போது மதகும் இட்டேரியும் சரியாகத் தெரிகிறது. யாரிடமிருந்து வாங்க வேண்டும், யாரிடமிருந்து வாங்கத் தேவையில்லை என்று குழு வைத்து ஆராய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. எங்களிடம் அப்படி எதுவும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை, எல்லாரும் வரிசையில் நிற்கிறோம். காட்டுப்பன்றி விஷயமும் அப்படித்தான். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று சட்டத்திலேயே உரிமம் இருக்கிறது. ஆனால் 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியையும் வனத்துறைதான் சுட வேண்டும். மரவள்ளி முழுதும் போன பிறகுதான் அவர்கள் வருகிறார்கள். பன்றியைச் சுட எங்களை நம்பாத அரசு, இருட்டில் மனிதனைச் சுட மட்டும் எங்களை நம்புகிறதா?

மன்னிக்க வேண்டும். பன்றியின் கதையை வேறொரு மனுவில் எழுதுகிறேன். கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன்.

சிவகிரிச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் பக்கமும் ரோந்து வந்தது. சாளைச் சுவரில் பட்டா நோட்டு, அதாவது ரோந்து வரும் காவலர் கையெழுத்துப் போடும் நோட்டு, தொங்கவிட்டார்கள். இரவில் பைக் சத்தம் கேட்கும், நாய் குரைக்கும், "நாங்கதான் தாத்தா" என்று ஒரு குரல் வரும், நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த மாதங்களில் என் மனைவி நன்றாகத் தூங்கினாள். வந்த இரண்டு காவலர்களுக்கும் எந்தச் சாளையில் யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு நடக்க முடியாது, எந்த நாய் கடிக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். அப்புறம் இடமாற்றம் என்றார்கள், ஆள் பற்றாக்குறை என்றார்கள், திருவிழா பந்தோபஸ்து என்றார்கள். நோட்டு இன்னும் ஆணியில் தொங்குகிறது, கையெழுத்துதான் இல்லை. கேமரா மாட்டிக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை மட்டும் வருகிறது. மாட்டியிருக்கிறோம். கேமரா நடந்ததைக் காட்டும், நடப்பதைத் தடுக்க ஆள்தான் வர வேண்டும்.

ஆகவே மறுபடியும் கேட்கிறேன். ஒவ்வொரு காவல் நிலைய எல்லையிலும் முதியவர்கள் தனியாக வாழும் சாளைகளின் பட்டியலைப் புதுப்பியுங்கள். கிராம உதவியாளரான தலையாரிக்கு அந்த வீடுகள் எல்லாம் தெரியும், ஒரே வாரத்தில் எழுதித் தந்துவிடுவார். ஒவ்வொரு சாளைக்கும் மின் இணைப்பு எண் இருக்கிறது, அதையே முகவரியாக எடுத்து வரைபடத்தில் இடத்தைக் குறித்து அவசர எண் அலுவலகத்துக்குக் கொடுங்கள். நாங்கள் அந்த எண்ணை மட்டும் சொன்னால் ஜீப் வர வேண்டும். அந்தப் பகுதிக்கு என்று இரண்டு காவலர்களைப் பெயர் சொல்லி நியமித்து, அவர்கள் செல்பேசி எண்ணை எங்களுக்குத் தாருங்கள். அவர்களை மாற்றினால், புதிதாக வருகிறவரைப் பழையவர் ஒருமுறை இரவில் கூட்டிக்கொண்டு வந்து வழி காட்டிவிட்டுப் போகட்டும். பட்டா நோட்டில் மறுபடி கையெழுத்து விழட்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. நடந்துகொண்டிருந்ததைத்தான் திரும்பக் கேட்கிறோம்.

துப்பாக்கி உரிமம் கேட்டு முதியவர்களிடமிருந்து மனுக்கள் வந்தால், தயவுசெய்து முத்திரை குத்துவதற்கு முன் ஒரு காவலரை இரவில் அந்த வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பலருக்கு அவர் வந்து நின்றதே போதுமானதாக இருக்கும்.

அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு நானும் என் வயதுக்காரர்கள் சிலரும் வருவோம். ரோந்து எந்தத் தேதியிலிருந்து மறுபடி தொடங்கும், எங்கள் பகுதிக்கு வரும் காவலர்கள் யார் என்ற இரண்டு விவரங்களையும் அன்று எழுத்தில் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு விவசாயி