யோசெமிட்டியில் இருப்பது ஒரே கிரானைட் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா பற்றிய பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அங்குள்ள எல் கேப்பிட்டன், ஹாஃப் டோம் என்ற இரண்டு பெரும் பாறைகளையும் ஒரே மூச்சில் ‘பத்துக் கோடி ஆண்டுப் பழைய கிரானைட்’ என்று சொல்லிவிட்டார் கட்டுரையாளர். அதைத்தான் விட மனம் வரவில்லை. மேற்கே நிற்கும் எல் கேப்பிட்டனுக்கு வயது ஏறக்குறைய 10.5 கோடி. பள்ளத்தாக்கின் கிழக்குக் கோடியிலுள்ள ஹாஃப் டோமுக்கு 9 கோடி சொச்சம். காரில் கொஞ்ச நேரம்தான், அதற்குள் ஒரு கோடி ஆண்டுக்கு மேல் கடந்துவிடுகிறோம்!

யோசெமிட்டி இருக்கும் சியரா நெவாடா மலைத்தொடர் முழுக்க இதே கதைதான். மேற்கு அடிவாரக் குன்றுகளில் 12 கோடி ஆண்டுப் பாறைகள். கிழக்கே டுவாலமி புல்வெளிப் பக்கம் 8.8 கோடி. அதாவது, பூமிக்கடியில் பாறைக்குழம்பு மேலேறி வந்து கிரானைட்டாக இறுகிய இடம் கிழக்கே நகர்ந்துகொண்டே போயிருக்கிறது. ஆண்டுக்கு 2.7 மில்லிமீட்டர் என்று 1982இல் சென், மூர் என்ற நிலவியலாளர்கள் இருவரும் கணக்கிட்டார்கள். நம் நகம் ஒரு மாதத்தில் இதைவிட அதிகம் வளரும்.

இந்தக் கணக்கு சிர்கான் என்ற பொடிப் படிகத்திலிருந்து வந்தது. சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், காரீயத்தைக் கிட்டவே விடாது. எனவே இன்று உள்ளே இருக்கும் காரீயம் அநேகமாக எல்லாம் யுரேனியம் சிதைந்து வந்ததே; இரண்டின் அளவையும் ஒப்பிட்டால் வயது தெரிந்துவிடும். அதற்கு முன்பு பொட்டாசியம்-ஆர்கான் முறையில்தான் நிறைய அளந்தார்கள். அதில் ஒரு வம்பு உண்டு: பழைய கிரானைட்டின் பக்கத்தில் புதுக் குழம்பு நுழைந்தால் அந்தச் சூட்டில், பொட்டாசியம் சிதைந்து சேர்ந்திருந்த ஆர்கான் வாயு தப்பிவிடும், பாறை தன் வயதைக் குறைத்துச் சொல்லும்.

நகர்ந்தது ஏன்? வட அமெரிக்காவுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்த ஃபாரலான் கடல்தட்டின் சாய்வு குறையக் குறைய, உருகும் இடமும் உள்நாட்டுப் பக்கம் தள்ளிப்போனது என்பதே பொதுவான விளக்கம். இதெல்லாம் டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியஸ் காலத்துக்கு மட்டும்தான். அதற்கு வெகு முந்தைய, அந்த யுகத்தின் முதல் பகுதியான டிரையாசிக் காலத்துக் கிரானைட்டுகள் கிழக்குப் பக்கமே இருக்கின்றன, ஒழுங்கு அங்கே உடைகிறது.

அடுத்த பகுதியில் டயோகா கணவாய் வருமாமே. அந்தச் சாலையோரம் கதீட்ரல் பீக் கிரானைட்டில் விரல் நீளத்துக்கு ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் படிகங்கள் துருத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து எடுத்த படம் இருந்தால் அவசியம் போடுங்கள்.

- ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர், சேலம்