மயங்கி விழாதவனுக்கும் ஓய்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விளையாட்டில் தலையில் அடிபடுவது என்றதும் மயங்கி விழுந்தவரைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அடிபட்டும் விழாமல், தலையை ஒரு உதறு உதறிவிட்டு அடுத்த பந்துக்கு ஓடுகிறானே, சிறுவர்களுக்குக் கால்பந்து பழக்கும் எனக்குக் கவலையெல்லாம் அவனைப் பற்றித்தான்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியாத மூளை அதிர்ச்சியிலும், அதாவது அடியில் மூளை குலுங்கும்போதும், மூளை செல்களில் பொட்டாசியம் வெளியேறி கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சரிசெய்ய செல்லுக்குச் சக்தி நிறைய வேண்டும், ஆனால் சரியாக அப்போதுதான் ரத்த ஓட்டம் குறைகிறது. அந்த வேலை முடிவதற்குள் இன்னொரு அடி விழுந்தால்?

2016-ல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளை வைத்து இதைப் பார்த்தார்கள். ஒரே ஒரு லேசான அடிக்குப் பிறகு நரம்பு இணைப்புகளில் 10 முதல் 15 சதவீதம் குறைந்து, மூன்று நாள் ஓய்வில் திரும்ப வந்துவிட்டன. தினமும் அடிபட்ட எலிகளுக்கு அப்படி மீளவில்லை, அழற்சியும் நரம்பு இழைகளின் சேதமும் தங்கிவிட்டன. அடிகளுக்கு நடுவே ஒரு வாரம் விட்டபோது மூளையால் சமாளிக்க முடிந்தது. எலி வேறு, மனிதன் வேறு, சரி. மனிதனுக்கு எத்தனை நாள் போதும் என்று இதை வைத்துக் கணக்குப் போட முடியாது, ஆனாலும் அடி எவ்வளவு பலம் என்பதோடு எவ்வளவு சீக்கிரம் அடுத்தது விழுந்தது என்பதையும் பார்த்தாக வேண்டும் என்று இதற்குப் பிறகும் புரியவில்லை என்றால் எப்படி?

ஸ்காட்லாந்தில் புரிந்துகொண்டார்கள். முன்னாள் தொழில்முறை கால்பந்து வீரர்கள் மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட சுமார் மூன்றரை மடங்கு அதிகம் என்று 2019-ல் கிளாஸ்கோ ஆய்வு சொன்னது. 2022-ல் அங்குள்ள தொழில்முறை அணிகள் ஆட்டத்துக்கு முந்தைய நாளும் மறுநாளும் பயிற்சியில் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று விதி வந்தது.

இன்னொன்று, ஓய்வு என்றால் இருட்டறையில் படுக்கப்போடுவது இல்லை. மூளை அதிர்ச்சி ஏற்பட்டவருக்கே முதல் 24 முதல் 48 மணி நேரம் அலட்டிக்கொள்ளாமல் இருந்து, லேசாக நடந்து, செல்போன் பார்ப்பதைக் குறைத்தால் போதும், அப்புறம் படிப்படியாக ஆட்டத்துக்குத் திரும்பலாம் என்றுதான் இப்போதைய மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு என்று எதுவும் சொல்லாத சிறுவனுக்கும் தலைக்கு மட்டுமாவது விடுப்பு கொடுப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

சக பயிற்சியாளர்களை உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். வருகைப் பதிவு எழுதும் நோட்டிலேயே யார் எந்த நாளில் தலையால் ஆடினார்கள் என்று ஒரு கட்டம் போட்டு எழுதுங்கள். இன்று பெயர் இருக்கிறவனுக்கு நாளை கால் பயிற்சி மட்டும் கொடுங்கள், அவன் எவ்வளவு கெஞ்சினாலும்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்துப் பயிற்சியாளர்