குறுக்கெழுத்தில் வந்த யானை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் குறுக்கெழுத்துப் பகுதியின் அடியில், ‘விடை பிடிபடாதவர்கள் அகராதியைப் புரட்டினால் போதும்’ என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. முப்பது ஆண்டுகளாக அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கட்டங்களை நிரப்பி வரும் எனக்கு அந்த வரி மனத்தில் தைத்துவிட்டது.

அதற்கு முந்தைய இதழில் ‘யானை (3)’ என்று ஒரு குறிப்பு வந்தது. மேலிருந்து கீழாக இறங்கிய சொல் முதல் கட்டத்தில் ‘க’வைக் கொடுத்தது, மற்ற இரண்டு கட்டங்களை வேறு எந்தச் சொல்லும் தொடவில்லை. பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகள் யானைக்குச் சொல்லும் பெயர்களுள் ஒன்றான ‘கயம்’ என்பதை எழுதினேன். தாங்கள் வெளியிட்ட விடையோ ‘களிறு’. களிறு ஆண், பிடி பெண் என்பதைத் தொல்காப்பிய மரபியல் படித்த தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘ஆண் யானை’ என்று ஒரு சொல்லைக் கூட்டியிருந்தால் ஐயத்துக்கே இடமிருந்திராது. பொதுப்பெயரைக் கேட்டுவிட்டுச் சிறப்புப்பெயரை விடையாக்கியது தங்கள் குறிப்பு. தவறு என் கணக்கில் ஏறியது.

அகராதியில் சொல்லைத் தேடிப் பொருளை அறிகிறோம். புதிரிலோ பொருளைக் கையில் கொடுத்துச் சொல்லைத் தேடச் சொல்கிறார்கள். இந்த வேறுபாட்டை உணர்ந்துதான் வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதி என்னும் தம் அகராதியில், சொல்லுக்குப் பொருள் தரும் பெயரகராதியையும் பொருளுக்குச் சொல் தரும் பொருளகராதியையும் தனித்தனியே வகுத்தார். பொருளகராதியில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்கள் வரிசையாக நிற்கும். அவற்றுள் எதைக் கட்டத்தில் இடுவது என்பதை எழுத்தெண்ணிக்கையும் குறுக்கிடும் எழுத்துகளும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குறிப்பின் சொற்களும்தான் முடிவு செய்ய வேண்டும். அவை தளர்ந்தால் எந்த அகராதி வந்து என்ன செய்யும்?

இது முதல் முறையும் அல்ல. ‘வருந்தினான்’ என்ற குறிப்புக்கு ‘வருத்தம்’ விடையாக வந்தது. குறிப்பு நின்ற இடத்தில் விடையை வைத்தால் வாக்கியம் பிழையின்றி நிற்க வேண்டாமா? புள்ளி எழுத்துக்கும் ஒரு கட்டம் என்பது இப்புதிரின் அரிச்சுவடி. அப்படியிருந்தும் ஐந்து கட்டம் கொள்ளும் ‘சக்கரம்’ என்பதற்கு நான்கு என்று எண் போட்டிருந்தீர்கள். எழுத்துகள் இடம் மாறிய விடைக்குக் ‘கலைந்துள்ளது’ என்று குறிப்பிடாமல் விட்டதால் ஒரு மாலை முழுவதும் அழித்து அழித்து எழுதி, கடைசியில் தாளே கிழிந்துபோயிற்று. இவற்றைப் பற்றி இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. வாசகரின் கடிதத்துக்கு இடம் ஒதுக்குவது தங்கள் விருப்பம் என்பதால் அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பதிலுக்குக் காத்திருந்தவரிடம் அகராதி பார்க்கும் பழக்கம் இல்லை என்பதுபோல எழுதியது வருத்தம் தருகிறது.

நான் கேட்பது இவ்வளவுதான்: ‘கயம்’ என்பதும் சரியான விடையே என்று அடுத்த இதழில் ஒரு வரி வெளியிடுங்கள், இனி அச்சுக்குப் போகுமுன், விடை அறியாத ஒருவரிடம் புதிரைக் கொடுத்து ஒரு முறை நிரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்