மஞ்சள் வளையம்

அன்புள்ள பாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். உன் நலமறிய ஆவல்.

போனில் பேசலாம் என்றால் நீ மீட்டிங்கில் இருக்கிறாய், இல்லாவிட்டால் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாய். "அப்புறம் கூப்பிடுறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். குறையாகச் சொல்லவில்லை, வேலை இருக்கும். அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சல் கட்டுகிறாள், அதில் இதையும் வைக்கிறேன். பொடியில் ஈரக் கரண்டி போடாதே. சாதம் வீட்டிலேயே வடித்துச் சாப்பிடு. வெளியே வாங்கித் தின்னாதே.

குண்டு சௌக்கியம். "பத்து நாள் பார்த்துக்குங்கப்பா" என்று நீ கொண்டுவந்து இறக்கியபோது மாசி. இப்போது ஆடி பிறந்துவிட்டது. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒரு பிடி தினை தின்கிற ஜீவன் யாருக்கு என்ன பாரம்? ஆனால் அன்றைக்குக் கூண்டை முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தாயே, அது மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

கூண்டோடு வந்த பையில் ஒரு சீட்டு இருந்தது. நித்யா கையெழுத்து. மேலே "ஆன்ட்டிக்கு" என்று போட்டிருக்கிறது, ஆகவே நமக்கு எழுதியதில்லை. நீங்கள் இரண்டு பேரும் மணாலி போனபோது பக்கத்து ஃப்ளாட்டுக்கு எழுதியதாக இருக்க வேண்டும். நாங்கள் அதைத்தான் வேதமாக வைத்திருக்கிறோம். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் கூண்டைத் திறக்க வேண்டும். அவகாடோ, சாக்லேட் கூடவே கூடாது. நான்ஸ்டிக் சட்டி காய்ந்து தீய்ந்தால் வருகிற புகை பறவைக்கு விஷம். இதைப் படித்த அன்றே அம்மா அந்தக் கறுப்புத் தோசைக்கல்லைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டாள். பரணிலிருந்து பாட்டியின் இரும்புக்கல் இறங்கியது. முதல் நாலு தோசை பிய்ந்து வந்தது, அஞ்சாவது பழைய ருசி. சீட்டில் கடைசி வரி: "அவன் கூப்பிட்டால் பதிலுக்கு ஒரு விசில் கொடுங்க. இல்லைன்னா கத்திக்கிட்டே இருப்பான்."

அது உண்மைதான். கூட்டமாக வாழ்கிற பறவை, கண்ணுக்கு மறைந்தால் குரல் கொடுத்துப் பார்க்கும். பதில் வந்தால் போதும், பக்கத்தில்கூட வர வேண்டாம், அமைதியாகிவிடும். நான் குளிக்கிற இடத்திலிருந்து விசில் அடிக்கிறேன். அறுபத்தெட்டு வயதில் குளியலறையில் விசில் அடிக்கிற மனுஷனை அம்மா எப்படிப் பார்க்கிறாள் என்று நீயே நினைத்துக்கொள்.

மேல்வீட்டுக்காரர் முதல் வாரமே வந்து, "சார், கிளி வளர்த்தால் கேஸ் போடுவானே" என்று பயமுறுத்தினார். பச்சைக்கிளிக்குத்தான் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம், இது ஆஸ்திரேலியாக்காரன், காக்டூ என்கிற கொண்டைக்கிளி வம்சத்தில் சின்னவன், கூண்டிலேயே பொரித்து வளர்ந்த பரம்பரை என்று எடுத்துச் சொன்னேன். தாத்தா வீட்டுத் திண்ணையில் இறக்கை கத்தரித்த பச்சைக்கிளி ஒன்று தொங்கும். அப்போது யாரும் தப்பாக நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

சரி, முக்கியமான சமாச்சாரத்துக்கு வருகிறேன். நான் குண்டுவுக்குப் பாடம் எடுக்கிறேன்.

பையில் அந்த மரக்குச்சியும் வளையங்களும் இருந்தன. உங்கள் வீட்டில் அவன் வளையத்தைக் கொத்தி எடுத்துக் குச்சியில் கோத்துவிடுவான் என்று போன வருஷம் நீ வீடியோ அனுப்பினாய். இங்கே வந்து ஒன்றும் செய்யவில்லை. வளையத்தை எடுப்பான், மேஜை விளிம்புக்கு நடப்பான், கீழே போடுவான், எட்டிப் பார்ப்பான். நான் குனிந்து எடுத்து வைப்பேன், மறுபடி போடுவான். மூன்று நாள் கழித்துத்தான் புரிந்தது, அவன்தான் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் படித்துப் பார்த்து முறையாக ஆரம்பித்தேன். இதற்கென்று டிக் டிக் என்று ஒரு கருவி விற்கிறார்களாம். என்னிடம் சிவப்பு பால்பாயிண்ட் பேனா இருக்கிறதே, முப்பத்து நாலு வருஷம் பேப்பர் திருத்திய கை. சரியாகச் செய்த அதே நொடியில் ஒரு டிக், உடனே ஒரு சூரியகாந்தி விதை. டிக் பிந்திவிட்டால் எதற்காக விதை கிடைத்தது என்று அவனுக்குத் தெரியாது. அதனால்தான் கிண்ணத்தில் அந்த விதையே போடக்கூடாது என்று நித்யா எழுதியிருக்கிறாள். கொழுப்பும் ஜாஸ்தி, எந்நேரமும் கிடைத்தால் மதிப்பும் போய்விடும். காலையில் தீனிக்கு முன்னால் அஞ்சு நிமிஷம், சாயங்காலம் அஞ்சு நிமிஷம், அதற்கு மேல் கிடையாது. வளையத்தைப் பார்த்தால் டிக். அலகால் தொட்டால் டிக். தூக்கினால் டிக். தூக்கியதை என் கிண்ணத்தில் போட்டால் டிக். கிண்ணம் பழகியபிறகுதான் குச்சி. எல்லாவற்றையும்விட, முடியாததைக் கேட்டுத் தோற்கடிக்கக் கூடாது. அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் செய்ய வைத்து, விதை கொடுத்து, அதோடு அன்றைய பாடத்தை முடித்துவிட வேண்டும்.

யோசித்தால் நம் கிளி ஜோசியக்காரர் செய்ததும் இதுதான். சீட்டை எடுத்ததும் ஒரு நெல்மணி. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நீ அந்தக் கூண்டை விட்டு நகரமாட்டேன் என்று அழுதிருக்கிறாய்.

அலெக்ஸ் என்ற கிளியைப் பற்றி உனக்குத் தெரியுமா? ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அம்மையார் 1977இல் சிகாகோவில் ஒரு கடையில் வாங்கி, 2007இல் அது சாகிறவரை முப்பது வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நூறு வார்த்தைக்கு மேல் தெரியுமாம். நிறம் என்ன, வடிவம் என்ன, எத்தனை என்று கேட்டால் சொல்லுமாம். சில நாள் சலித்துப்போய் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுமாம். அந்த அம்மையாரின் முறை வேறு. கிளிக்கு எதிரே இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் பொருளைக் காட்டி என்ன என்று கேட்பார், மற்றவர் சொன்னால் அந்தப் பொருளே அவருக்குப் பரிசு. பார்த்துக்கொண்டிருக்கிற கிளிக்கு ஆசை வந்துவிடும்.

அம்மாவை எதிரே உட்காரவைத்தேன். "இது என்ன?" என்றேன். "வளையம்" என்றாள். கொடுத்தேன். அவள் திரும்ப என்னிடம் காட்டி "இது என்ன?" என்றாள். "வளையம்." குண்டு தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். எட்டாவது தடவையோ என்னவோ, அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தாள். நீ வந்துபோன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

விளையாட்டுச் சாமான் நிறையச் சேர்ந்துவிட்டது. தென்னை ஓலையில் அம்மா பந்து முடைந்து தருகிறாள், அரை மணியில் நார் நாராகிவிடும். கடைத்தெருவில் தலையாட்டி பொம்மை ஒன்று வாங்கி வந்தேன். அது ஆடத் தொடங்கியதும் குண்டுவின் கொண்டை செங்குத்தாக நின்றுவிட்டது, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் ஒளிந்தான். மூன்றாம் நாள் அதைப் பார்த்து அவனும் தலையாட்டினான். பெயிண்ட்டைக் கொத்திவிடுவான் என்று பொம்மையை எட்டாத இடத்தில், அலமாரி மேல் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் ஒரு தட்டு தட்டிவிடுவேன், இரண்டு பேரும் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள்.

நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? வீடியோவில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வெளிச்சம் சரியில்லை என்றாய். பின்னால் சுவரில் கடிகாரம் மாட்டியிருந்த இடமும் காலியாக இருந்தது. ரிப்பேருக்குக் கொடுத்திருப்பாய். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு லேப்டாப்பை மூடிவிடு. உன் பெயரைச் சொன்னால் இந்தத் தெருவில் இன்றைக்கும் மரியாதைதான். பாங்கில் புதுசாக வந்த மேனேஜரிடம்கூட உன் வேலையைப் பற்றிச் சொன்னேன். ஆனால் சித்திரையில் பெரியத்தை பேரனுக்குக் காதுகுத்து, நீ வரவில்லை. "எங்கே பாலுவும் நித்யாவும்?" என்று நாலு பேர் கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்றேன். அஞ்சாவது ஆள் கேட்பதற்குள் பந்திக்குப் போய்விட்டேன்.

ஈரோட்டுக்கு, நித்யா வீட்டுக்கு, நான் போன் செய்யவில்லை. இரண்டு தடவை நம்பரை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். குண்டு அதற்குள் இரண்டு வளையம் கோக்கப் பழகியிருந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஹாலில் மேஜையைப் போட்டு அவனைக் கொண்டுவந்து விட்டேன். புது ஆட்கள், புதுச் சத்தம். அவன் கொண்டையைத் தலையோடு படியவைத்து உஸ்ஸென்று சீறினான். பயந்திருக்கிறான், விட்டுவிடு என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். தெரிந்தும் வளையத்தை அலகுக்கு நேரே நீட்டி, "எடு, எடுடா" என்று நின்றேன். கட்டைவிரலைக் கடித்துவிட்டான். நான் கத்திக்கொண்டு மேஜையை ஓங்கித் தட்டினேன். பறந்து ஜன்னல் கண்ணாடியில் மோதி பீரோவுக்குப் பின்னால் விழுந்தான். நல்லவேளை, ஃபேன் ஓடவில்லை. அம்மாதான் டார்ச் அடித்து, கை விட்டு எடுத்தாள். அடி இல்லை. ஆனால் இரண்டு நாள் என் கையிலிருந்து விதை வாங்கவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. உன் நாலாம் வகுப்பு ஆண்டு விழா ஞாபகம் வந்தது.

மேடையில் நீ, முன் வரிசையில் நான். பத்துக் குறள், நானே பொறுக்கிக்கொடுத்த அதிகாரம். ஆறு குறள் கணீரென்று சொன்னாய். ஏழாவதில் "தந்தை மகற்காற்றும்" என்று ஆரம்பித்து நின்றுவிட்டாய். மறுபடி அதையே சொன்னாய். என்னைப் பார்த்தாய். நான் எழுந்து வெளியே போனேன்.

ஆபீஸ் ரூமில் போன் வந்ததாக ஆள் வந்து கூப்பிட்டான், அதனால்தான் போனேன் என்று உனக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். போன் எதுவும் வரவில்லை பாலு. யாரும் கூப்பிடவில்லை. சைக்கிள் ஷெட்டில் போய் நின்றுகொண்டேன். மற்ற வாத்தியார்கள் என் முகத்தைப் பார்ப்பார்களே என்று எனக்கு வெட்கம். தமிழம்மா அடி எடுத்துக்கொடுத்து நீ மீதியை முடித்தது மைக்கில் கேட்டது. கைதட்டல் கேட்டது. அப்போதாவது உள்ளே வந்திருக்கலாம், வரவில்லை. வீட்டுக்குப் போகும்போது சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து, "யாருப்பா போன்ல?" என்று கேட்டாய். "டி.இ.ஓ. ஆபீஸ்" என்றேன். அதற்கப்புறம் நீ மேடை ஏறவே இல்லை. கணக்கில்தான் இவனுக்கு ஆர்வம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். எழுதத்தான் தோன்றியது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

குண்டு புதன்கிழமை சமாதானமாகிவிட்டான். விருந்தாள் யாரும் இல்லை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அவனாக வந்து ஒரு வளையத்தைக் குச்சியில் போட்டான். பேனா கையில் இல்லை, நாக்காலேயே டிக் என்றேன். அதையும் ஏற்றுக்கொண்டான். இப்போது மூன்றையும் கோத்துவிடுகிறான்.

இன்னொன்று. தினமும் சாயங்காலம் ஏழேகால் மணிக்கு இரண்டு சுரத்தில் ஒரு விசில் அடிப்பான். கீழே ஒன்று, மேலே ஒன்று. அடித்துவிட்டு வாசல் கதவைப் பார்ப்பான். இந்த வீட்டில் யாரும் அப்படி விசில் அடிப்பதில்லை, நான் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. நித்யா ஆபீஸ் விட்டு வருகிற நேரமா அது? சும்மா கேட்கிறேன். நான் பதில் கொடுத்துப் பார்த்தேன், அந்த ஒன்றுக்கு மட்டும் அடங்கமாட்டேன் என்கிறான். ஏழரை வரை அடித்துவிட்டு அவனாக நிறுத்திக்கொள்கிறான்.

சீட்டில் நாலு வளையம் என்று எழுதியிருக்கிறாள். பையில் சிவப்பு, பச்சை, நீலம்தான் இருக்கிறது. மஞ்சளைக் காணோம். மூன்றையும் போட்டுவிட்டு அவன் மேஜை முழுக்க நடந்து தேடுகிறான். சோபாவுக்கு அடியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பார். இல்லாவிட்டால் அவளைக் கேள், அவளுக்குத் தெரிந்திருக்கும். கிடைத்தால் கூரியரில் அனுப்பாதே, நேரில் கொண்டு வா. கிடைக்காவிட்டாலும் வா.

அம்மா பார்சலை ஒட்ட வேண்டும் என்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ராத்திரியில் வண்டி ஓட்டிக்கொண்டு வராதே. காலையில் டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டு கிளம்பு.