அப்பாவின் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி

அன்புள்ள மல்லிகா,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டின் போட்டோவைச் சனிக்கிழமை ராத்திரி பார்த்தேன். உடனே போன் போடத்தான் நினைத்தேன், ஆனால் அழுகையும் அவசரமுமாக நான் சொல்வதில் பாதிதான் உனக்கு வந்து சேரும், நீ கேட்டிருக்கும் கேள்விக்கு உட்கார்ந்து எழுதினால்தான் சரிப்படும் என்று விட்டுவிட்டேன். நேற்று முழுக்க லேபில் டியூட்டி. இன்றைக்குத்தான் கை ஒழிந்தது.

அப்பாவின் குதிகாலில் இருந்ததை நாம் எல்லோரும் கால் ஆணி என்றே நினைத்துவிட்டோம். அது மெலனோமா, தோலின் நிற செல்களில் வருகிற புற்றுநோய், என்று இப்போதுதான் தெரிகிறது. போன வருஷம் நான் ஊருக்கு வந்தபோது அவர் திண்ணையில் உட்கார்ந்து அதை பிளேடால் சீவிக்கொண்டிருந்தார், "என்னப்பா, ஆணியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டேன். ஒரு நிமிஷம் குனிந்து பார்த்திருக்கலாம். அது இன்னும் மனசை அறுக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். "பி-ராஃப் நெகட்டிவ், அதனால் அந்த மாத்திரை கிடையாது என்கிறார் டாக்டர், நாங்கள் பணம் கட்டத் தயாராக இருக்கும்போது கொடுத்துப் பார்த்தால் என்ன" என்று தம்பி கோபப்படுவதாக எழுதியிருக்கிறாய். பி-ராஃப் என்பது ஒரு மரபணு, நெகட்டிவ் என்றால் அப்பாவின் கட்டியில் அது கெட்டுப்போகவில்லை என்று அர்த்தம். தம்பி கேட்கிற மாத்திரை அது கெட்டுப்போனவர்களுக்கானது. டாக்டர் செய்ததுதான் சரி மல்லிகா. அந்த மாத்திரை அப்பாவுக்குப் பலன் தராது என்பது மட்டுமல்ல, கெடுதலும் செய்யக்கூடும். ஏன் என்று சொல்கிறேன், தம்பிக்கும் படித்துக் காட்டு.

தோலுக்கு நிறம் தருகிற மெலனோசைட் செல் தானாகப் பெருகாது. வெளியே இருந்து உத்தரவு வர வேண்டும். செல்லின் மேல் சவ்வில் உத்தரவை வாங்குகிற புரதங்கள் இருக்கின்றன, கிட் அவற்றில் ஒன்று. உள்ளே ராஸ், ராஃப், மெக், எர்க் என்று வரிசையாக வேறு புரதங்கள் (பி-ராஃப் என்பது ராஃபில் ஒரு வகை). கிட் உள்ளே ராஸை எழுப்பும், ராஸ் ராஃபை எழுப்பும், ராஃப் மெக்கின் மேல் பாஸ்பேட் என்கிற சின்ன ரசாயனத் துண்டை ஒட்டிவிடும், மெக் எர்க்கின் மேல் ஒட்டிவிடும், எர்க் உட்கருவுக்குள் போய் "பெருகு" என்று சொல்லும். வீடு கட்டும்போது சித்தாள்கள் வரிசையில் நின்று செங்கல்லைக் கைமாற்றுவார்களே, அந்த மாதிரி. கீழே செங்கல் எடுத்துக் கொடுப்பவர் நிறுத்தினால் வரிசை முழுக்க நின்றுவிடும். நல்ல செல்லில் அப்படித்தான் நிற்கிறது.

2002ல் இங்கிலாந்தின் சாங்கர் நிலையத்துக்காரர்கள் புற்றுநோய் செல்களின் மரபணுக்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனபோது, மெலனோமாக்களில் பாதிக்கும் மேல் பி-ராஃப் மரபணுவில் ஒரே இடத்தில் ஒரே எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். அதனால் ராஃப் புரதத்தின் அமினோ அமிலச் சங்கிலியில் 600வதாக வேலின் இருக்க வேண்டிய இடத்தில் குளூட்டமிக் அமிலம். (முதலில் 599 என்றுதான் எண்ணினார்கள், பிறகு திருத்தினார்கள்.) அந்த ஒரு மாற்றத்தால் ராஃபின் வேகம் சுமார் 500 மடங்கு ஏறிவிடுகிறது. கீழே இருந்து யாரும் கொடுக்காமலே அது செங்கல்லை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்.

இதில் எனக்கு இன்றும் ஆச்சரியம் தருவது மச்சம்தான். நம் உடம்பிலுள்ள சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும் இதே மாற்றம் இருக்கிறது! செல் கொஞ்ச தூரம் பெருகிவிட்டு, பி16 என்கிற காவல் புரதத்தை எழுப்பி, தானே நின்றுவிடுகிறது. அந்தக் காவலும் போன பிறகுதான், பல நேரம் பி-டென் என்கிற இன்னொரு தடையும் போன பிறகுதான், மச்சம் நோயாகிறது.

அந்த மாற்றத்துக்கென்றே செய்ததுதான் தம்பி கேட்கிற மாத்திரை. முதலில் வந்தது வெமுராஃபெனிப், அமெரிக்காவில் 2011ல் அனுமதி கிடைத்தது. ஒரு மருத்துவ இதழில் மூன்று படங்கள் பார்த்தேன், 38 வயது ஆள். முதல் படத்தில் மார்பிலும் வயிற்றிலும் தோலுக்கடியில் கட்டி கட்டியாகப் புடைத்துக் கிடக்கிறது. 15 வாரம் மாத்திரை சாப்பிட்ட பிறகு எடுத்த படத்தில் எல்லாம் அமுங்கித் தோல் சமமாக இருக்கிறது. 23வது வாரத்துப் படத்தில் மறுபடியும் கட்டிகள், பெரும்பாலும் பழைய இடங்களிலேயே. மெக்கில் புதிதாக ஒரு மாற்றம் வந்து நோய் வேறு வழி தேடிக்கொண்டுவிட்டது. அதனால்தான் இப்போது ராஃபையும் மெக்கையும் சேர்த்தே அடைக்கிறார்கள், டப்ராஃபெனிப்போடு ட்ராமெட்டினிப்.

அப்பாவுக்கு ஏன் ஆகாது? நல்ல ராஃப் தனியாக வேலை செய்யாது, ஏரில் பூட்டிய மாடு மாதிரி ஜோடியாகத்தான் இழுக்கும். கெட்டுப்போன ராஃப்தான் ஒண்டியாக இழுக்கிறது. மாத்திரை ஒண்டி மாட்டை நிறுத்திவிடும். ஜோடியில் ஒன்றின் மேல் போய் ஒட்டிக்கொண்டாலோ பக்கத்தில் இருப்பது உசுப்பேறி இன்னும் வேகமாக இழுக்கிறது, ராஸ் கெட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். 2010ல் இதை ஆய்வகங்களில் காட்டினார்கள். வெமுராஃபெனிப் மட்டும் சாப்பிட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தோலில் வேறு வகைப் புற்றுக் கட்டி புதிதாக வந்தது, அவற்றில் பலவற்றில் ராஸ் கெட்டிருந்தது. அப்பாவின் கட்டியில் ராஃப் நன்றாக இருக்கிறது. ராஸ் எப்படி இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் இல்லவே இல்லை. அந்த நிலையில் அதைக் கொடுப்பது எரிகிற அடுப்பில் விறகு வைக்கிற காரியம்.

உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வருகிற மெலனோமாவே தனி ரகம். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு மெலனோமா அபூர்வம், வந்தால் இந்த இடங்களில்தான் அதிகம். பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரலில் வந்தது இதுதான், 1981ல் 36 வயதில் போய்விட்டார். இதற்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது, அதனால் வயலில் வேலை செய்ததால்தான் வந்தது என்று அம்மா புலம்ப வேண்டாம் என்று சொல். இந்த ரகத்தில் பி-ராஃப் மாற்றம் குறைவு, வரிசையின் தொடக்கத்தில் சொன்னேனே கிட், அது கெட்டிருப்பது மற்ற தோல் மெலனோமாக்களை விட அதிகம். கிட் கெட்டிருந்தால் இமாட்டினிப் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. எல்லோருக்கும் கேட்காது, சிலருக்குத்தான் கேட்கும், ஆனால் பார்க்காமல் விடக்கூடாது.

டாக்டர் சொல்கிற இம்யூனோதெரபி ஊசியைத் தள்ளிப்போடாதே. அது இந்த வரிசையைத் தொடுவதே இல்லை, புற்று செல் நம் வெள்ளணுக்களின் மேல் போட்டு வைத்திருக்கும் பிடியை எடுத்துவிடுகிறது. அந்தப் பிடியைத் தளர்த்திப் புற்றுக்கு வைத்தியம் செய்யலாம் என்று கண்டுபிடித்ததற்குத்தான் அலிசன், ஹோன்ஜோ என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கும் 2018ல் நோபல் கிடைத்தது. உள்ளங்கால் ரகத்தில் அதன் பலன் மற்ற மெலனோமாவை விடக் கொஞ்சம் குறைவு, உன்னிடம் மறைக்க மாட்டேன். இருந்தாலும் இப்போது கையில் இருப்பதில் நல்லது அதுதான்.

இன்னொன்று. எங்கள் லேபில் இந்த மாதிரி மெலனோமா சாம்பிள் வந்தால் கட்டியின் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கிலிருந்து மெல்லிசாகச் சீவி டி.என்.ஏ. எடுப்போம், டியூபில் வருவது டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும். அந்தக் கறுப்பு நிறமியே பி.சி.ஆரை, அதாவது டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துப் பார்க்கிற சோதனையை, கெடுத்துவிடும், சுத்தம் செய்து நீர்க்க வைத்துத் திரும்பவும் ஓட்ட வேண்டும். அப்பாவின் ரிப்போர்ட்டில் கன்ட்ரோல், அதாவது சோதனை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்கக் கூடவே ஓட்டுவது, சரியாக ஓடியிருப்பதாகப் போட்டிருக்கிறது, ஆகவே நெகட்டிவ் என்பதை நம்பலாம்.

நீ செய்ய வேண்டியது, பயாப்ஸி செய்த இடத்தில் அந்த மெழுகு பிளாக்கைக் கேட்டு வாங்கு. கிட்டும், ராஸில் ஒரு வகையான என்-ராஸும் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடமே சொல், அவர் எழுதிக் கொடுப்பார். பிளாக்கை வெயிலில் வைக்காதே, பஸ்ஸில் ஜன்னலோரம் வைத்து எடுத்து வராதே, மெழுகு இளகிவிடும். அப்படியே அப்பாவின் இன்னொரு காலையும் பத்து விரல் நகங்களையும் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுது.

சின்னவளுக்குப் பரீட்சை 20ஆம் தேதி முடிகிறது. அடுத்த நாள் காலை பஸ்ஸில் கிளம்பி வருகிறேன், அப்பாவுக்குப் பிடித்த அந்தக் கடலை மிட்டாயும் வாங்கி வருகிறேன்.

உன்,
செல்வி